வட்டி இல்லாத பணம்

பயிற்சியின் மூன்றாம் நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தபோது விஜிலா எழுந்து நின்றாள்.

தூத்துக்குடி பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜின் மாடி ஹால் அது. முப்பது பேர் மடியில் டேப்லெட் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குடும்பங்கள் எங்கே கடன் வாங்குகின்றன, என்ன வட்டி கட்டுகின்றன, கேட்ட இடத்தில் கிடைக்கிறதா என்று வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்க, சென்னையிலிருந்த ஓர் ஆய்வு நிறுவனம் ஆள் எடுத்திருந்தது. ஒரு வீட்டுக்கு இருநூற்றிருபது ரூபாய் சம்பளம்.

பயிற்சி கொடுத்த இளைஞன் திரையைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். "மீன் வியாபாரி கொடுத்த முன்பணத்துக்கு வட்டி கிடையாதுன்னு மக்கள் சொல்வாங்க. அப்படிச் சொன்னா வட்டி விகிதத்துல பூஜ்யம் போட்டுடுங்க. யோசிக்கவே வேண்டாம்."

"சார், அது தப்பு" என்றாள் விஜிலா.

"எது தப்பு?"

"பூஜ்யம். அந்தப் பணத்துக்கு வட்டி உண்டு. எங்க வீட்டுலயே நாங்க கட்டுதோம்."

"எத்தனை பர்சென்ட்?"

"நாப்பத்தஞ்சு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்ற முணுமுணுப்பு கேட்டது. அவன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அப்படி ஏதாவது இருந்தால் விளக்கத்தைக் குறிப்புக் கட்டத்தில் எழுதுங்கள் என்று சொல்லி முடித்துக்கொண்டான். அந்த ஒரு வார்த்தையை விஜிலா பிடித்துக்கொண்டாள். குறிப்புக் கட்டம் இருக்கிறது, எழுதலாம்.

அப்போது அவளுக்கு நாற்பத்தொரு வயது. கடற்கரைத் தெருவில் பிறந்து, நான்கு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். அப்பா மாலத்தீவுக்குப் போகும் தோணியில் சமையல்காரர். பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியலில் நல்ல மார்க் வாங்கியும், அந்த வருடம் அப்பா காலொடிந்து வந்ததால் கல்லூரிக்குப் போகவில்லை. இறால் கம்பெனியில் தலை கிள்ளும் வேலைக்குப் போனாள்.

கிள்ளிய இறாலுக்குக் கிலோ கணக்கில் கூலி. கூடையோடு நிறுத்து, கூடையின் எடை என்று ஒன்றரைக் கிலோவைக் கழிப்பார்கள். மூன்று மாதம் பார்த்தாள். ஒருநாள் எல்லோரும் வரிசையில் நிற்கும்போது காலிக் கூடையை எடுத்துத் தராசில் வைத்தாள். தொள்ளாயிரம் கிராம். "மீதி அறுநூறு கிராம் யாரு வீட்டுக்குப் போவுது?" என்று கேட்டாள். அன்று சாயங்காலமே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அடுத்த வாரத்திலிருந்து கழிவு ஒரு கிலோ ஆனது என்று உள்ளே இருந்த தோழிகள் வந்து சொன்னார்கள். வேலை போனதற்கு அவள் அழவில்லை. இன்னும் நூறு கிராம் அதிகமாகக் கழிக்கிறார்களே என்றுதான் புலம்பினாள்.

கணவன் கிளைட்டன் அதிகம் பேசாதவன். கடலைப் பற்றி மட்டும் நாலு வார்த்தை பேசுவான். பிறர் வள்ளத்தில் கூலிக்கு மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவனுக்கு 2019இல் சொந்தமாக ஒரு ஃபைபர் வள்ளம் வாங்கும் வாய்ப்பு வந்தது. பழைய வள்ளம், என்ஜினோடு சேர்த்து விலை சொன்னார்கள். கையிருப்பு போக ஒரு லட்சத்து இருபதாயிரம் குறைந்தது.

விஜிலா முதலில் போனது வங்கிக்குத்தான். மேலாளர் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். வீட்டுக்குப் பட்டா இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. கணினியில் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு கிரெடிட் ஸ்கோரே இல்லையேம்மா" என்றார்.

"நான் யாருக்கும் பாக்கி வச்சது கிடையாது சார்."

"அதான் பிரச்சினை. வாங்கிக் கட்டியிருந்தாத்தான் ஸ்கோர் வரும்."

வாங்காததால் கொடுக்கமாட்டோம், கொடுக்காததால் வாங்கவில்லை என்று இரண்டு பக்கமும் கதவு சாத்திய அந்தப் பேச்சை அவள் வீட்டில் வந்து சொன்னபோது கிளைட்டனுக்குப் புரியவே இல்லை. அவன் நேராக ஜீவமணியிடம் போனான்.

ஜீவமணி அந்தக் கரையின் பெரிய மீன் வியாபாரி. ஐம்பத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, யாரையும் அதட்டாத குரல். பத்தே நிமிடத்தில் பணத்தை எண்ணிக் கொடுத்தார். பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை, தவணை இல்லை, வட்டியும் இல்லை. ஒரே ஒரு நிபந்தனைதான். பிடிக்கிற மீன் எல்லாம் அவருடைய ஏலத்துக்கு வரவேண்டும்.

கரையில் யாருக்கும் கடமைப்படாத வள்ளக்காரன் மீனை எங்கே வேண்டுமானாலும் ஏலம் விடலாம். விற்ற பணத்தில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் கமிஷன். ஜீவமணியிடம் முன்பணம் வாங்கியவர்களுக்கு நூற்றுக்குப் பத்து. அதோடு அவர் ஏலத்தில் விலையும் சற்று இறங்கித்தான் நிற்கும். சில நாள் கிலோவுக்கு ஐந்து ரூபாய், சில நாள் முப்பது. இவ்வளவும் கொடுத்த பிறகும் வாங்கிய பணத்தில் ஒரு ரூபாய் கழியாது.

இரண்டாவது வருடம் விஜிலா ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தாள். வருடத்துக்கு ஏறக்குறைய ஆறு லட்சத்துக்கு மீன் விற்கிறது. கூடுதல் கமிஷனே முப்பதாயிரம். விலைக் குறைவில் போவது இருபத்து நாலாயிரம். ஆக ஐம்பத்து நாலாயிரம். ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு வருடம் ஐம்பத்து நாலாயிரம். கிளைட்டனிடம் காட்டினாள்.

"அவரு வட்டி கேக்கலியேளா" என்றான் அவன்.

"கேக்காம எடுக்காரு. கேட்டு வாங்குதவன் பரவாயில்ல."

ஆறு வருடத்தில் மூன்றேகால் லட்சம் போயிருந்தது. வாங்கிய அசல் அப்படியே நின்றது.

கணக்கெடுப்பில் அவளுக்குக் கொடுத்தது கடற்கரையில் நாற்பது வீடுகள். சொந்த வீடும் சொந்தக்காரர்கள் வீடும் அதில் இல்லை என்று மேற்பார்வையாளர் ஆவுடையப்பன் உறுதி செய்துகொண்டார். அவர் ஆற்றங்கரையில் நெல் விளையும் ஊர்க்காரர். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்று, மகள் கல்யாணக் கடனுக்காக இந்த வேலைக்கு வந்தவர்.

முதல் வீடு அல்போன்சாவுடையது. கணவன் இறந்தபின் இரண்டு தம்பிகளை வைத்து வள்ளம் நடத்துகிறவள். சிறு வயதில் மாதா கோயில் ஞான உபதேச வகுப்பில் விஜிலாவோடு ஒன்றாக உட்கார்ந்தவள்.

"உங்கள் குடும்பத்துக்கு நிலுவையில் ஏதேனும் கடன் உண்டா?" விஜிலா டேப்பில் இருந்ததை இருந்தபடி வாசித்தாள்.

"எங்களுக்கு ஏதுளா கடன்? ஒண்ணும் கெடயாது."

அந்தப் பதிலை அழுத்தினால் அடுத்த பதினெட்டுக் கேள்வியும் தாவிப் போய்விடும். பத்து நிமிடத்தில் வீடு முடியும். விஜிலா அழுத்தவில்லை.

"சரி, வேற ஒண்ணு கேக்கேன். நாளைக்கு நிறைய மீன் படுது. அதை உன் இஷ்டத்துக்கு யாருகிட்டயும் விக்கலாமா?"

அல்போன்சா அவளைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "எப்படி விக்க முடியும்? ஜீவமணி அண்ணாச்சி பணம் கெடக்கே."

"எவ்வளவு?"

"எண்பது."

எண்பதாயிரம். கடன் என்ற வார்த்தைக்குள் அது வரவில்லை. அடகு வைத்த கம்மல் வரவில்லை, ஐஸ் கம்பெனி பாக்கி வரவில்லை. கடன் என்றால் வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்க வேண்டும், மானம் போக வேண்டும். மற்றதெல்லாம் பிழைப்பு.

வங்கியில் கடன் கேட்டீர்களா என்ற கேள்விக்கு அல்போன்சா இல்லை என்றாள். ஏன் என்பதற்கு டேப் காட்டிய முதல் விடை 'தேவைப்படவில்லை'. பெரும்பாலான கணக்கெடுப்பாளர்கள் அதைத்தான் அழுத்தினார்கள். விஜிலா, "ஏன் கேக்கல?" என்று அல்போன்சாவிடமே கேட்டாள்.

"கேட்டா குடுத்துருவாவளா?"

திரையைத் தள்ளிக்கொண்டே போனால், கடைசிக்கு முந்தையதாக ஒரு விடை கிடந்தது: 'கிடைக்காது என்று தெரியும்'. அதை அழுத்தினாள்.

அன்றிலிருந்து நாற்பது வீட்டிலும் இதே வழிதான். விற்ற விலை, கமிஷன், அதே நாளில் அடுத்த ஏலத்தில் நின்ற விலை எல்லாம் கேட்டுக் கணக்குப் போட்டு, வட்டி விகிதத்தில் முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, ஐம்பத்திரண்டு என்று நிரப்பினாள். ஒவ்வொன்றுக்கும் குறிப்புக் கட்டத்தில் விளக்கம் எழுதினாள். ஒரு வீட்டுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. நாற்பதில் இருபத்து மூன்று வீடுகள் ஏதாவது ஒரு வியாபாரிக்குக் கட்டுப்பட்டவை.

பதினைந்தாம் நாள் ஆவுடையப்பனிடமிருந்து போன் வந்தது.

"விஜிலாம்மா, சென்னையில இருந்து சத்தம் போடுதாங்க. மாவட்டம் முழுக்க வியாபாரி பணத்துக்குப் பூஜ்யம் வந்திருக்கு. உங்க எடத்துல மட்டும் நாப்பது, அம்பது. வீட்டுல உக்காந்து நீங்களே நிரப்பினீங்களோன்னு கேக்காங்க."

"நீங்க என்ன சொன்னிய?"

"நான் என்னத்தச் சொல்ல? பூஜ்யமா மாத்திக் குடுங்க. எட்டாயிரத்து எண்ணூறும் ரெண்டு நாள்ல அக்கவுண்டுக்கு வந்துரும். இல்லன்னா நிறுத்தி வச்சிருவாங்க."

"நிறுத்தி வைக்கட்டும். மத்தவங்க பூஜ்யம் போட்டதுக்கு ஆதாரம் கேட்டாவளா? நான் வீட்டுக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கேன். நான் மாத்தமாட்டேன் சார். நீங்களே மாத்தினாலும் என் பேரை எடுத்துட்டு மாத்துங்க."

அவர் நாட்குறிப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, திங்கட்கிழமை நேரில் வந்து சரிபார்ப்பதாகச் சொன்னார்.

அதற்குள் சேதி ஜீவமணியின் காதுக்குப் போயிருந்தது. சனிக்கிழமை மீனை இறக்கிவிட்டு நின்ற கிளைட்டனைத் தனியாகக் கூப்பிட்டார். உன் வீட்டுக்காரி தெருத்தெருவாகப் போய் என் ஏலத்தின் விலையைக் கேட்டு எழுதுகிறாளாமே, யார் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்றார். குரல் உயரவில்லை. சொல்லாவிட்டால் புதன்கிழமைக்குள் ஒரு லட்சத்து இருபதாயிரத்தையும் வைத்துவிட வேண்டும், அதுவரை வள்ளத்துக்குத் தான் கடனாகக் கொடுக்கும் ஐஸும் கிடையாது என்றார்.

கிளைட்டன் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தான்.

"நமக்கு எதுக்குளா இந்த வேலை? ரெண்டு பேரைச் சொல்லிட்டா விட்டுருவாரு."

"யாரைச் சொல்ல? அல்போன்சாவையா? வெளியே சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணித்தான் ஒவ்வொரு வீட்டுலயும் உள்ள போனேன்."

"அப்ப பணத்தைக் குடு."

"குடுப்போம்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். விஜிலா கழுத்துச் சங்கிலியை வெளியே எடுத்துப் போட்டாள். கல்யாணத்துக்கு அப்பா போட்ட மூன்று பவுன். வள்ளம் வாங்கிய வருடம் அதை வைத்தால் அறுபதாயிரம்கூடத் தேறியிருக்காது. இப்போது பவுன் விலை மூன்று மடங்கு. நகைக்கு மட்டும் எந்த வங்கியும் பட்டா கேட்பதில்லை, ஸ்கோர் கேட்பதில்லை.

"அது உன் அப்பா போட்டது" என்றான் கிளைட்டன்.

"இத்தன வருசம் கழுத்துலதான் கெடந்துச்சு. ஒத்த மீனு பிடிச்சுக் குடுக்கல."

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு ஆவுடையப்பன் ஸ்கூட்டரில் வந்தார். எந்த வீட்டில் முதலில் சரிபார்ப்பது என்று கேட்டார். விஜிலா அவரை வீடுகளுக்கு அழைத்துப் போகவில்லை.

"வீட்டுல கேட்டா பயத்துல இல்லம்பாவ. கரைக்கு வாங்க. நீங்களே பாருங்க."

வள்ளங்கள் வரிசையாக வந்து கொண்டிருந்தன. வடபக்கம் ஜீவமணியின் ஏலம், ஐம்பதடி தள்ளி மற்றவர்களின் ஏலம். வடபக்கத்தில் விளமீன் கிலோ முந்நூற்றுத் தொண்ணூறுக்கு முடிந்தது. விஜிலா அவரை ஐம்பதடி நடத்திக்கொண்டு போனாள். அங்கே அதே அளவு விளமீன் நானூற்றிருபதுக்குப் போனது. ஆவுடையப்பன் திரும்பி நடந்து போய் மறுபடி பார்த்தார். மூன்று தடவை அப்படி நடந்தார். செருப்பில் ஈர மணல் அப்பிக்கொண்டது.

"எங்க ஊர்லயும் நெல்லு வியாபாரி உரத்தைக் கடனாக் குடுப்பான்" என்றார் மெதுவாக. "அறுத்ததும் அவன் சொன்ன விலைக்கு அவனுக்கே போடணும். முப்பது வருசம் சங்கத்துல கணக்கு எழுதியிருக்கேன். அதை வட்டின்னு நான் நினைச்சதே இல்ல."

ஜீவமணி அவர்களைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். சுற்றி இருபது முப்பது பேர் நின்றிருந்தார்கள்.

"சார், கணக்கெடுக்க வந்தவரா? நல்லாக் கேட்டுக்கோங்க. இந்தக் கரையில நான் ஒத்த ரூவா வட்டி வாங்கியிருக்கேன்னு எவனாவது சொல்லட்டும்."

நின்றவர்கள் கூடைகளை நகர்த்தி அடுக்க ஆரம்பித்தார்கள். அல்போன்சா வலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். விஜிலாவும் அவர்களில் ஒருவரைக்கூடப் பார்க்கவில்லை. பார்வையாலேயே காட்டிக் கொடுத்ததாகிவிடும்.

"எங்க வீட்டுக் கணக்கை நான் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றாள். "அது கணக்கெடுப்புல கெடயாது, அதனால எனக்குத் தடை இல்ல. ஒண்ணு இருவது குடுத்திய. ஆறு வருசத்துல மூணேகால் லட்சம் எடுத்துட்டிய. வட்டின்னு சொல்ல வேண்டாம். நீங்களே ஒரு பேரு வையுங்க."

பிறகு கிளைட்டன் இறக்கி வைத்திருந்த மீன் கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். கனத்தது. தூக்க முடியாமல் மணலில் இழுத்தாள், தென்பக்கம் பார்த்து. நாலைந்து அடி போயிருப்பாள். கிளைட்டன் வந்து மறுபக்கத்தைப் பிடித்தான். இருவருமாக ஐம்பதடி கடந்து கூடையை இறக்கினார்கள். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவர்கள் மீன் நானூற்றிருபதுக்கு விற்றது.

புதன்கிழமை, சங்கிலியை வைத்து வங்கியில் வாங்கிய பணத்தோடு இருவரும் ஜீவமணியின் கடைக்குப் போனார்கள். அவர் எண்ணி மேசைக்குள் வைத்தார்.

"பணம் வரவாச்சுன்னு எழுதிக் குடுங்க" என்றாள் விஜிலா.

"குடுக்கும்போது நான் எழுதி வாங்கலியே?"

"நீங்க எழுதி வாங்காதது உங்க இஷ்டம். எழுதி வாங்குதது என் இஷ்டம்."

ஜீவமணி கிளைட்டனைப் பார்த்தார். அவன் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அரை மணி நேரம் இருவரும் அங்கேயே நின்றார்கள். கடைசியில் அவர் ஒரு ரசீதுத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆவுடையப்பன் சென்னைக்கு நாலு பக்கம் எழுதினார். தான் பார்த்த விலைகளைத் தேதியோடு கொடுத்து, விஜிலாவின் படிவங்களை மாற்றத் தேவையில்லை என்று முடித்திருந்தார். அவளுடைய எட்டாயிரத்து எண்ணூறு நான்கு மாதம் கழித்து வந்தது. அறிக்கை வந்தபோது அவரே அதை அவள் போனுக்கு அனுப்பினார். வியாபாரிக் கடனுக்கு எதிரே வட்டி விகிதத்தில் ஒரு சிறிய கோடு மட்டும் போட்டிருந்தார்கள். கீழே பொடி எழுத்தில், ஓரிடத்தில் மட்டும் அதிக விகிதம் பதிவாகியுள்ளது, மேலும் ஆய்வு தேவை என்று இருந்தது.

விஜிலா உடனே கூப்பிட்டாள். "கோடு போட்டுத் தப்பிச்சுட்டாவ சார்."

"பூஜ்யம் போடலியே, அதுவே பெரிசும்மா."

"எனக்குப் பெரிசில்ல. ஓரிடத்துல மட்டும்னா, ரெண்டாவது எடத்துல எடுப்போம். உங்க ஊர்ல."

கரையில் நடந்தது அவள் நினைத்தபடி நடக்கவில்லை. கட்டுப்பட்ட வள்ளங்களில் நான்கு மட்டும் நகை வைத்து வெளியே வந்தன. மற்றவர்களிடம் வைக்க நகை இல்லை. வள்ளங்கள் போய்விடக் கூடாது என்று ஜீவமணி கமிஷனைப் பத்திலிருந்து ஏழாகக் குறைத்தார். ஆனால் அதற்கு முன், விலை சொன்னவர்கள் என்று தான் சந்தேகப்பட்ட சிலருக்குப் பத்து நாள் ஐஸ் கொடுக்காமல் வாட்டினார். அதில் அல்போன்சாவும் ஒருத்தி. விஜிலா அவள் பெயரைச் சொல்லவே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், மாதா கோயிலில் விஜிலாவை விட்டு விலகி வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். விஜிலா மன்னிப்புக் கேட்கவில்லை. பத்து நாளும் தன் வள்ளத்துக்கு வெளியில் ரொக்கத்துக்கு வாங்கும் ஐஸில் பாதியை அல்போன்சாவின் தம்பிகளிடம் கொடுத்தனுப்பினாள். அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். அல்போன்சா இன்னும் பேசவில்லை.

நகைக் கடனை வருடத்துக்கு நூற்றுக்கு ஒன்பதரை வட்டியில் மாதம் தவறாமல் கட்டிக்கொண்டு வருகிறாள். கழுத்தில் மஞ்சள் கயிற்றில் ஒரு சிலுவை மட்டும் தொங்குகிறது. அதைப் பார்த்து யாராவது உச்சுக் கொட்டினால் அவளுக்குக் கோபம் வரும்.

அடுத்த சுற்றுக் கணக்கெடுப்புக்கு அவளைக் கூப்பிடமாட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆவுடையப்பன் பெயரைச் சேர்த்துவிட்டார். ஆற்றங்கரையில் அவருடைய ஊரையும் பக்கத்து ஊரையும் சேர்த்து நாற்பது வீடு. தை மாதம், அறுப்பு தொடங்கியிருந்த நேரம். காலை பஸ்ஸில் போய் இறங்கி, முதல் வீட்டில் சுடலைச்செல்வி என்ற பெண்ணிடம் ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு வாசலுக்கு வந்தாள். உரக்கடையும் நெல் மண்டியும் வைத்திருக்கும் ஆள் ஒருவர் பைக்கை வழியில் குறுக்கே நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீ யாரு? நெல்லு விலையெல்லாம் கேக்கியாமே? உனக்கு யாரு அதிகாரம் குடுத்தா?"

விஜிலா அடையாள அட்டையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் படித்து முடிக்கும்வரை கையை இறக்கவில்லை.

"படிச்சாச்சா? வண்டியக் கொஞ்சம் தள்ளுங்க அண்ணாச்சி. எனக்கு இன்னும் முப்பத்தொம்போது வீடு கெடக்கு."